மூன்றாம் பத்தி

ஓய்வு பெற்ற ஏழாவது ஞாயிற்றுக்கிழமைதான் நானும் என் மனைவியும் முதன்முறையாக ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதனையில் இருந்தோம். கல்யாணமாகி 44 வருஷம் ஆகியிருந்தது. கேட்பவர்கள் நம்புவதில்லை, நானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்யாணத்தன்று சேர்த்து உட்காரவைத்தார்கள், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது, அன்றைக்கு யாருக்கு ஜெபத்தில் கவனம் இருந்தது? கல்யாணத்துக்கு முந்தின வருஷமே எனக்குக் குருப்பட்டம் ஆகிவிட்டதால் அதற்கப்புறம் நான் பீடத்துப் பக்கம், அவள் ஜனங்கள் பக்கம். 1988இல் அமெரிக்காவுக்கு வந்த பின்னும் அதே கதைதான். லீவுக்கு ஊருக்குப் போனால் வெளிநாட்டு ஐயர் வந்திருக்கிறார் என்று என்னைப் பிடித்து அங்கியை மாட்டிவிடுவார்கள். வேறெங்காவது சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தூங்கினோம்.

அந்த ஏழாவது ஞாயிறு நடந்த ஒரு சின்ன விஷயம் இரண்டு வருஷமாக என்னை விடவில்லை. மிஞ்சிப்போனால் பத்து விநாடி இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தது

அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோப்பல் சபையில் 72 வயதானால் குருவானவர் பொறுப்பை விட்டு இறங்கிவிட வேண்டும், சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. வயதில் எனக்கு வருத்தமில்லை. என் தாத்தா மெஞ்ஞானபுரத்துப் பக்கம் உபதேசியாராக இருந்தவர், அவருக்கு ஓய்வு என்று ஒன்று வந்தது கட்டிலில் படுத்த பிறகுதான். எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. பேராயர் வில்லியம் லாரன்ஸ் என்பவர் முன்னின்று பணம் திரட்டி 1917இல் தொடங்கிய நிதி அது, குருமார் வயதான காலத்தில் யார் வீட்டுத் திண்ணையிலும் நிற்கக் கூடாது என்பதற்காக. அவரை நினைத்து நான் அவ்வப்போது ஒரு ஸ்தோத்திரம் சொல்வதுண்டு.

ஓய்வோடு சேர்ந்து இன்னொரு வழக்கமும் வருகிறது, அதுதான் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது. ஒரு சபையை விட்டு இறங்கும் ரெக்டர், அதாவது சபைப் பொறுப்பிலுள்ள குருவானவர், அந்தச் சபைக்கு மறுபடி போகக் கூடாது. குறைந்தது புது ரெக்டர் வந்து காலூன்றும் வரைக்கும். அங்கே உள்ளவர்கள் வீட்டுக் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எதற்கும் புதியவர் தாமாக அழைத்தாலன்றி நாம் நிற்கக் கூடாது. கோயிலில் பெயின்ட் மாற்றினார்களாமே என்று யாராவது கடையில் பார்த்துக் கேட்டால்கூட, அப்படியா, நல்லது, என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். இதெல்லாம் ஒரு தாளில் எழுதி, நான் கையெழுத்துப் போட்டேன். மனசாரத்தான் போட்டேன். முன்னே ஒரு சபையில் நான் போய்ச் சேர்ந்தபோது, எனக்கு முந்தின குருவானவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். அவர் மோசமான மனிதர் இல்லை, ரொம்ப நல்ல மனிதர், அதுதான் சிக்கலே. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவர் ஜெபித்து முடித்துவிட்டுப் படியிறங்கி வந்துகொண்டிருப்பார். மூன்று வருஷம் அந்தப் படியில் நாங்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டோம். அதனால் அந்த விதி நியாயமானது என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

ஆனால் அந்தத் தாளில் என் மனைவியின் கையெழுத்து இல்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை என்பதே எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவள் ஒரு ஐயரம்மாவாக, குருவானவர் மனைவி என்ற மரியாதையோடு, வாழ வேண்டியவள். ஊரிலேயே இருந்திருந்தால் முன்வரிசையில் இடம், பெண்கள் ஐக்கிய சங்கம், அசனப் பண்டிகைக்கு எத்தனை மரக்கால் அரிசி என்று முடிவெடுக்கும் அதிகாரம் எல்லாம் இருந்திருக்கும். இங்கே ஐயரம்மா என்று ஒரு பதவி கிடையாது. அவள் நர்ஸ். முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வேலை, பாதி நாள் நைட் டியூட்டி. சனிக்கிழமை இரவு வேலை முடித்து, ஞாயிறு காலை வீட்டுக்கு வந்து குளித்து, பத்து மணி ஆராதனைக்கு வந்து பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில், இடது ஓரம், ஹீட்டர் பக்கத்தில் உட்காருவாள். பிரசங்கத்தில் தூங்குகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன் என்பாள். அவளுக்கென்று அந்தக் கோயிலில் இருந்தது பீடத் துணிகள்தான்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆராதனைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. நற்கருணைக்குப் பிறகு கிண்ணம் துடைத்த துணிகளில் திராட்சரசக் கறை இருக்கும். அதை அப்படியே வாஷிங் மெஷினில் போட முடியாது. முதலில் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். அப்புறம்தான் சோப்பு. ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். பீடத்தில் விரிக்கும் சதுரத் துணியை மூன்றாக, மறுபடி மூன்றாக மடித்தால் ஒன்பது கட்டம் வரும். உள்பக்கமாக மடிக்க வேண்டும், அப்போதுதான் அப்பத் துணுக்கு ஒன்றிருந்தால் உள்ளேயே நிற்கும். அவளும் இன்னொரு அம்மாவும், அந்த அம்மா இங்கே கனெக்டிகட் மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர், 19 வருஷம் சேர்ந்து இதைச் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோயில் பின்கட்டில், இஸ்திரிப் பெட்டி, டீ, பேச்சு. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

அவளுக்கு ஊர் இடையன்குடி. கால்டுவெல் ஐயர் கட்டிய கோயில் இருக்கிற ஊர், அவரை அடக்கம் பண்ணியதும் அந்தக் கோயிலின் பீடத்துக்கடியில்தான். நான் சி.எம்.எஸ். மிஷன் பகுதி, அவள் எஸ்.பி.ஜி. மிஷன் பகுதி, இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த தனித்தனி மிஷன்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் ஒன்றாகிவிட்டது என்பார்கள், எங்கள் வீட்டில் இன்னும் ஆகவில்லை. எங்கள் மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி என்று நான் ஆரம்பித்தால், கோபுரத்தை வைத்து என்ன செய்ய என்பாள். ஊரெல்லாம் கால்டுவெல்லைத் தெரியும், அவருடைய சம்சாரம் எலைசா அம்மாவை எத்தனை பேருக்குத் தெரியும்? நாகர்கோவிலில் மிஷனரி வீட்டில் வளர்ந்தவர். அவருடைய தாயார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார், மகள் அதை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். என் மனைவியின் பாட்டியும் லேஸ் பின்னியவர்தான். அதனால் வெள்ளைத் துணியைக் கையில் எடுத்தால் அவளுக்கு ஒரு தோரணை வந்துவிடும். அந்தத் துணி அலமாரிக்கு இரண்டு சாவி, ஒன்று அவளிடம்.

நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினார்கள், பேசினார்கள், எனக்கு ஒரு சாய்வு நாற்காலி கொடுத்தார்கள். அவள் கைப்பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்ததை நான் பார்த்தேன். சாவிதானே என்று நினைத்தேன்.

சும்மா இருக்கும் வேலை

முதல் ஆறு வாரம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. சனிக்கிழமை இரவானால் எனக்கு வயிற்றைப் பிசையும், பிரசங்கம் தயாராகவில்லையே என்று. தேவையில்லை என்று மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. இப்போதும் பிசைகிறது, குறைந்திருக்கிறது. காலர் போடும் கறுப்புச் சட்டைகள் அலமாரியில் தொங்கின. அந்த வெள்ளைக் காலர் வெறும் பிளாஸ்டிக் பட்டை, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி வெயிலில் வைத்தால் போதும், மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவுவேன். ஓய்வு பெற்றும் ஒருநாள் பழக்கத்தில் கழுவி ஜன்னலில் வைத்துவிட்டு, எதற்கு என்று தெரியாமல் நின்றேன். டெலிபோன் அடிப்பதில்லை. பல வருஷமாக இரவு இரண்டு மணிக்கு டெலிபோன் அடித்தால் எங்கள் இரண்டு பேரில் யாருக்கு என்று சண்டை, ஒன்று ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை, இல்லையென்றால் யாரோ சாகக் கிடக்கிறார்கள். இப்போது அடித்தால் கார் இன்ஷூரன்ஸ் விற்பவர்கள்.

புத்தகங்களைக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். வேதாகம விளக்கவுரைகள் நாற்பது பெட்டி. எடுத்துக்கொள்ள ஆளில்லை. இளைய குருமார் எல்லாவற்றையும் போனிலேயே வைத்திருக்கிறார்கள். பழைய பிரசங்கங்கள் நான்கு பெட்டி இருந்தன, ஒன்றிரண்டைப் படித்துப் பார்த்தேன். 1994இல் மௌனத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருக்கிறேன், ஆராதனையில் மௌனம் எவ்வளவு முக்கியம், கடவுள் பேச நாம் இடம் கொடுக்க வேண்டும், இந்த மாதிரி. 22 நிமிஷப் பிரசங்கம். அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், ஏன் என்பது இன்னும் கொஞ்சத்தில் தெரியும்.

காலை ஆறு மணிக்கு சமையலறை மேஜையில் காலை ஜெபம். ஜெபப் புத்தகத்தில் இரண்டு வருஷத்துக்கு வேதபாடங்கள் வகுத்திருக்கிறது, அதன்படி படிப்பேன். முன்பு கோயில் ஆபீசில் தனியாகப் படித்தது, இப்போது அவள் காபி போட்டுக்கொண்டே கேட்கிறாள். யோசுவா புத்தகத்தில் எல்லைக் கணக்கு வரும் நாட்களில், இது இன்னும் எவ்வளவு ஓடும் என்று கேட்பாள். குருவானவர்களிடம் எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காதது அது.

ஏழாவது ஞாயிறு

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது வாரம் அவள்தான் போகலாம் என்றாள். யாருக்கும் எங்களைத் தெரியாத இடமாக, அரை மணி நேரம் தள்ளி ஒரு கோயில். நான் காலர் போடவில்லை, ஒரு ஸ்வெட்டர். பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்ச், இடது ஓரம், அவள் நேராகப் போய் அங்கே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். எனக்கு எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலிடுவது என்று தடுமாறியது. பீடத்தில் நிற்பவன் ஜனங்களை எழுப்பிப் பழகியவன், தான் எழுந்து பழகியதில்லை. அவள் முழங்கையால் இடித்து இடித்து எழுப்பினாள். பிரசங்கம் நடக்கும்போது நான் அதற்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன், பி பிளஸ் மாதிரி. அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நடுவில் ஒரு நல்ல வாக்கியம் வந்தபோது புருவம் அசைந்தது.

நற்கருணை ஜெபம் முடிந்து கர்த்தருடைய ஜெபம் வந்தது. எங்களுடைய 1979ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு பத்தியாக அச்சடித்திருக்கும், இடது பக்கம் பழைய ஆங்கிலம், வலது பக்கம் புதிய ஆங்கிலம். சபைக்குச் சபை எதைச் சொல்வது என்பதில் சண்டை உண்டு, நானும் ஒரு சண்டையைத் தீர்த்திருக்கிறேன். எல்லோரும் பழையதைச் சொன்னார்கள். நானும் சத்தமாக, பழக்கத்தில் கொஞ்சம் அதிக சத்தமாகவே சொன்னேன். ஆமென். புத்தகத்தின்படி அடுத்தது, குருவானவர் அப்பத்தைப் பிட வேண்டும், அப்புறம் கொஞ்ச நேரம் மௌனம். அங்கே நின்ற இளம் குருவானவர் பெரிய அப்பத்தை உயர்த்திப் பிட்டார், அந்த முறியும் சத்தம் கேட்டது, கோயில் அமைதியானது.

அந்த அமைதியில் என் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு. யாருடைய போனோ என்றுதான் முதலில் நினைத்தேன். “...எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல், தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும், ராஜ்யமும், வல்லமையும், மகிமையும், என்றென்றைக்கும் உம்முடையவைகளே, ஆமென்.” உதடு அசைவது தெரிந்தும் தெரியாமல், மூச்சு அளவுக்கு ஒரு குரல். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, முன்னால பாருங்க என்று கண்ணைக் காட்டினாள்.

வீட்டில் ராத்திரி ஜெபம் தமிழில்தான், அது எப்போதும் அப்படித்தான். ஆனால் கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து ஆங்கிலத்தில் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, யோசித்ததே இல்லை. நான் அந்த நேரம் கையை விரித்துக்கொண்டு, கண் புத்தகத்தில், கவனம் அடுத்து எடுக்க வேண்டிய அப்பத்தில். பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் எந்த மொழியில் உதடு அசைகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், எவ்வளவு நாளாக இப்படி என்று. “வந்த நாள்லேருந்துதான். எத்தனையாவது வருஷத்துல கேக்குதிய!” என்று சிரித்தாள். ஏன் என்றேன். “ஏன்னா? எங்கம்மா சொல்லித் தந்தது அப்படி. ஆஸ்பத்திரில இங்கிலீஷ், பேங்க்ல இங்கிலீஷ், பிள்ளைகளுக்கு டீச்சர்கிட்ட இங்கிலீஷ். அந்த ஒரு ஜெபத்தையாவது யோசிக்காம சொல்லணும்லா.” கொஞ்ச தூரம் போனோம். நான் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. என் ஆராதனையில் முடிக்க நேரம் இருந்ததா என்று கேட்டேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “சில வாரம் இருக்கும்” என்றாள். அப்புறம், அவள் நர்ஸ், பாதி சொல்லி நிறுத்துபவள் இல்லை, முழுவதையும் சொன்னாள். “நீங்க பிட்டதும் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவிய. எனக்குத் தெரியும், உங்க தலை லேசா ஆடும். மூணுல நான் ‘தீமையினின்று’ வரைக்கும் வந்துருவேன். நீங்க அடுத்ததை ஆரம்பிச்சிருவிய. மகிமையை நான் வரிசைல நடந்து வரும்போது முடிச்சிக்கிடுவேன். மழை நாள்ல கொஞ்சம் மெதுவா போவிய. சூப்பர் பவுல் மேட்ச் அன்னைக்கு ஒண்ணோட சரி.”

வுட்பரி ஊர் வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். அங்கே கிளீப் ஹவுஸ் என்று ஒரு பழைய வீடு, இப்போது மியூசியம். 1783 மார்ச் மாதம் கனெக்டிகட்டின் பத்து குருமார் அந்த வீட்டில் கூடி, சாமுவேல் சீபரி என்பவரைத் தங்களுக்குப் பேராயராக இருக்கத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அபிஷேகத்துக்கு இங்கிலாந்து போனார், ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாமல் முடியாது என்றுவிட்டார்கள், சண்டை போட்டு விடுதலை வாங்கிய நாட்டுக்காரர் எப்படிச் செய்வார்? ஸ்காட்லாந்துக்குப் போய் 1784 நவம்பரில் அபர்டீனில் அபிஷேகம் பெற்றார். ஸ்காட்லாந்துப் பேராயர்கள் ஒன்று கேட்டுக்கொண்டார்கள், எங்கள் நற்கருணை ஜெபத்தைப் படித்துப் பாரும், சரியென்று பட்டால் உங்கள் ஊரிலும் கொண்டுவரப் பாரும் என்று. 1789இல் அமெரிக்க ஜெபப் புத்தகம் வந்தபோது அந்த வழி வந்த ஜெபம்தான் அதில் இருந்தது. இந்தக் கதையை நான் திடப்படுத்தல் வகுப்பில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், அந்த வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வேறொரு ஊர்க்காரர்களின் ஜெபத்தைச் சுமந்துகொண்டு வந்த ஒரு மனிதரைப் பற்றி அவ்வளவு உருகிப் பேசியவன் நான். அன்றைக்கு அந்த வீட்டைத் தாண்டும்போது இரண்டு பேரும் பேசவில்லை. அவள் தூங்கிவிட்டாள், நிஜமாகவே.

அன்று இரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 35 வருஷம், வருஷத்துக்கு 52 ஞாயிறு, 1,820. அவளுடைய நைட் டியூட்டி, லீவு, காய்ச்சல், பிள்ளைப்பேறு கழித்தாலும் ஆயிரத்துக்குக் குறையாது. அத்தனை தரம் ஒரு பெண் தன் ஜெபத்தின் கடைசி வரியை நடையில் முடித்திருக்கிறாள், அவளை முடிக்க விடாத அதே ஆள் மௌனத்தைப் பற்றி 22 நிமிஷம் பேசியிருக்கிறான். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு அவள் ஹீட்டர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்லவும் சொன்னேன். “அதுக்கென்ன, கடவுள் என்ன வாச்சை வச்சிக்கிட்டா நிக்காரு?” என்றாள். அவள் மன்னிப்பது எனக்கு உதவவில்லை. அவளுக்கு இது ஒரு விஷயமே இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

இன்னொன்றும் உறைத்தது. என் ஜெபம் எந்த மொழியில் இருக்கிறது? நான் யாருமில்லாதபோது சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில்தான் வந்தது. அதுவும் பீடத்துக் குரலில்.

டெலிபோன்

அடுத்த வருஷம் குளிர்காலத்தில், பீடத் துணி மடித்த அந்த அம்மா இறந்துபோனார். அவர்கள் இரண்டு பேரும் இடையில் மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியே ஒரு காபிக் கடையில் சந்தித்துக்கொண்டிருந்தார்கள், என்னவோ களவாணித்தனம் செய்வது போல, நான் கையெழுத்துப் போட்ட தாளுக்குப் பங்கம் வரக் கூடாதே என்று. என்னைக் கூப்பிட்டதில்லை. செய்தி கேட்டதும் அவள் அழவில்லை, ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்துத் துடைத்தாள்.

எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு இரண்டு ஞானஸ்நானம், ஒரு கல்யாணம், அந்த அம்மாவின் வீட்டுக்காரர் அடக்கம், எல்லாம் நான்தான். புது ரெக்டர் ஒரு இளம் பெண், வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. விதிப்படி நானாகப் போக முடியாது, அவர் கூப்பிட்டால் போகலாம், கூப்பிடுவார், குறைந்தது ஒரு ஜெபமாவது வாசிக்கச் சொல்வார். கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டுக்கூட வைத்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் டெலிபோன் வந்தது. நான்தான் எடுத்தேன். மரியாதையாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார், நலம் விசாரித்தார். அப்புறம், “ஃபாதர், உங்கள் மனைவி வீட்டில் இருக்கிறாரா? அவரிடம் கொஞ்சம் பேச முடியுமா?” என்றார்.

சவப்பெட்டியின் மேல் விரிக்கும் பெரிய வெள்ளைத் துணி ஒன்று உண்டு. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே துணி, உள்ளே தேக்கா பலகையா என்று வெளியே தெரியக் கூடாது. அதை எப்படி எடுப்பது, எப்படி மடிப்பது, மெழுகுக் கறை பட்டிருந்தால் என்ன செய்வது என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருவர்தான் இப்போது பெட்டிக்குள். வந்து துணிகளைத் தயார் செய்து தர முடியுமா, இறந்தவர் தன் குறிப்பில் உங்கள் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார் என்று புது ரெக்டர் கேட்டாராம். என் மனைவி சரி சரி என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு, “சாவி அவங்ககிட்ட இருக்காம், வாங்கிக்கிடச் சொன்னாங்க” என்றாள்.

அடக்கத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளைக் கொண்டுபோய் விட்டேன். காரைவிட்டு நான் இறங்கவில்லை, அது விதிக்காகவா வேறெதற்காகவா என்று சொல்லத் தெரியவில்லை. பின்கட்டு விளக்கு எரிந்தது, ஜன்னலில் இஸ்திரிப் பலகையின் முனை தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்து ஏறியவளின் கையில் சூடான துணி வாசனை. இனி செவ்வாய்க்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். நீங்க வரக் கூடாதாம், என்று சேர்த்துக்கொண்டாள். அது ரெக்டர் சொன்னதா அவளே சேர்த்ததா என்று நான் கேட்கவில்லை.

பதினான்கு பேர்

இப்போது மாதத்துக்கு இரண்டு ஞாயிறு நான் சப்ளை போகிறேன். சப்ளை என்றால், சொந்தமாகக் குருவானவர் இல்லாத சபைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் ஆராதனை நடத்திக் கொடுப்பது. பேராயர் அனுமதி உண்டு, ஒரு தொகையும் பெட்ரோல் காசும் தருவார்கள். அறுபதுகளில் 30 லட்சத்துக்கு மேல் இருந்த சபை இது, இப்போது 15 லட்சம் சொச்சம், அதிலும் முழுநேரக் குருவானவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத கோயில்கள் நிறைய. லிட்ச்ஃபீல்ட் பக்கம் மலையில் ஒரு கோயிலுக்குப் போகிறேன். 200 பேர் உட்காரக் கட்டியது, வருவது பதினான்கு பேர். ஆனாலும் அவர்களுக்குத் துக்கம் ஒன்றுமில்லை, ஆராதனை முடிந்து சூப் போட்டுத் தருகிறார்கள், ஊரில் அசனச் சாப்பாட்டுக்கு இருக்கும் அதே முகங்கள். என்னால் அவர்களுக்கு ஒரு வளர்ச்சியும் வரப்போவதில்லை, என்னிடம் அதை எதிர்பார்ப்பவர்களும் யாருமில்லை. 45 வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதி எனக்கு வாய்த்ததில்லை.

சில வாரம் அவளும் வருகிறாள். பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்ச் என்றால் அங்கே அவளுக்கு முன்னால் எட்டு வரிசை காலியாக இருக்கும், ஆனாலும் அங்கேதான். கர்த்தருடைய ஜெபம் முடிந்ததும் அப்பத்தைப் பிட்டுவிட்டு நான் நிற்கிறேன். எண்ணுவதில்லை. ஆங்கிலத்தில் ஆமென் சொன்ன பிறகு மனசுக்குள் தமிழில் தொடர்கிறேன், சோதனைக்குட்படப்பண்ணாமல் என்ற இடத்திலிருந்து மெதுவாக. எனக்கு இன்னும் இடறுகிறது, நடுவில் ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் வந்து குறுக்கே நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் திரும்பி வரும்போது வுட்பரி தாண்டியதும் அவள் கேட்டாள், “அப்பத்தைப் பிட்டுட்டு ஏன் அவ்ளோ நேரம் நிக்கிய?”

உனக்காகத்தான் என்றேன்.

“நான் எப்பமோ முடிச்சாச்சு. அந்த ஆர்கன் வாசிக்கிற அம்மா, பாவம், உங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னு எந்திரிச்சிப் பாக்கா.”